சர்வர் குழுவிலிருந்து பெயர் மறைந்தால் முதலில் பாலிசியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அலுவலகக் கணினிப் பாதுகாப்பு பற்றி நாளிதழ்களில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் கடவுச்சொல்லோடும் வைரஸோடும் நின்றுவிடுகின்றன. கல்லூரி, மருத்துவமனை, ஆலை என்று விண்டோஸ் சர்வர் ஓடும் இடங்களில் அடிக்கடி தலைதூக்கும் ஒரு சிக்கலைப் பற்றி எழுத விரும்புகிறேன். பேக்கப் மென்பொருளுக்கான கணக்கை மாலையில் சர்வரின் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில், அதாவது முழு நிர்வாக உரிமை உள்ள கணக்குகளின் குழுவில், சேர்க்கிறார்கள். அன்றிரவு பேக்கப் ஓடுகிறது. மறுநாள் அந்தப் பெயர் குழுவில் இல்லை. யார் எடுத்தது என்று விசாரணை தொடங்கி, கடைசியில் இளநிலை ஊழியர் ஒருவர் தலையில் பழி விழுகிறது. பல இடங்களில் அந்தப் பெயரை நீக்கியது, யாரோ எப்போதோ எழுதிவைத்துவிட்டுப் போன குரூப் பாலிசிதான், அதாவது பல கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை விதிக்கும் விண்டோஸ் வசதிதான்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, பதிவேடே சொல்லும். அந்த சர்வரில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் செக்யூரிட்டி பதிவைத் திறந்து 4733 என்ற எண்ணைத் தேடுங்கள். லோக்கல் குழுவிலிருந்து, அதாவது அந்த சர்வருக்கே உரிய குழுவிலிருந்து, ஒருவர் நீக்கப்பட்டதற்கான எண் அது, சேர்க்கப்பட்டதற்கு 4732. 'சப்ஜெக்ட்' பகுதியில் ஊழியரின் கணக்குப் பெயர் இருந்தால், அந்தக் கணக்கில் உள்ளே வந்தவர் செய்தது. எஸ்-1-5-18 என்ற அடையாள எண்ணும், சர்வரின் பெயருக்குப் பின்னால் டாலர் குறியும் இருந்தால், செய்தது மனிதரல்ல, விண்டோஸ் தனக்கென வைத்திருக்கும் சிஸ்டம் கணக்கு. அப்படியானால் தேட வேண்டியது பாலிசியை, அல்லது சிஸ்டம் கணக்கில் ஓடும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டை. ஒரு நிறுவனத் தலைவர் விளக்கக் கடிதம் கேட்பதற்கு முன் இந்த ஒரு பதிவைக் காட்டச் சொல்ல வேண்டும்.

காரணம் பெரும்பாலும் 'ரெஸ்ட்ரிக்டட் குரூப்ஸ்' என்ற அமைப்பில் இருக்கும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருப்பது. கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், பாலிசீஸ், விண்டோஸ் செட்டிங்ஸ், செக்யூரிட்டி செட்டிங்ஸ் என்று இறங்கினால் கிடைக்கும். அதில் ஒரு குழுவைத் திறந்தால் இரண்டு பெட்டிகள் இருக்கும். மேலே 'மெம்பர்ஸ் ஆஃப் திஸ் குரூப்'. கீழே 'திஸ் குரூப் இஸ் எ மெம்பர் ஆஃப்'. இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை போலத் தோன்றும். சிக்கல் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது.

மேல் பெட்டியில் எழுதுவது முழுப் பட்டியல். அதில் பெயர் இல்லாதவர் எவராயினும் குழுவிலிருந்து வெளியேற்றப்படுவார். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு மட்டும் விலக்கு உண்டு. பெட்டியைக் காலியாக விட்டு ஓகே அழுத்தினால் குழுவில் யாரும் இருக்கக் கூடாது என்று அர்த்தமாகிவிடும். கீழ்ப் பெட்டி அப்படியல்ல: அது சேர்க்க மட்டுமே செய்யும், ஏற்கெனவே இருப்பவர்களைத் தொடாது, காலியாக இருந்தால் எதையும் மாற்றாது. ஆகவே சர்வர்களில் உதவிக் குழு ஒன்றுக்கு நிர்வாக உரிமை தர வேண்டுமானால், டொமைனில் (நிறுவனத்தின் கணினிகளையும் கணக்குகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பில்) உள்ள அந்தக் குழுவை ரெஸ்ட்ரிக்டட் குரூப்ஸில் சேர்த்து, கீழ்ப் பெட்டியில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்று எழுதினால் போதும். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸையே திறந்து மேல் பெட்டியில் உதவிக் குழுவை எழுதுகிறவர், தன்னை அறியாமல் பேக்கப் கணக்கு, டேட்டாபேஸ் சர்வீஸ் கணக்கு, டொமைனின் நிர்வாகிகள் குழுவான டொமைன் அட்மின்ஸ் எல்லோரையும் சேர்த்து நீக்குகிறார்.

ஒரே குழுவுக்கு இரண்டு பாலிசிகள் மேல் பெட்டியில் பட்டியல் கொடுத்தால், இரண்டும் கூட்டப்படாது. வரிசையில் கடைசியாக அமலாகும் பாலிசியின் பட்டியல் மட்டும் நிற்கும். லோக்கல், சைட், டொமைன், ஓயூ (டொமைனுக்குள் கணினிகளையும் கணக்குகளையும் பிரித்து வைக்கும் உட்பிரிவு) என்பதே வரிசை. ஒரு பாலிசியை இவற்றில் ஒன்றோடு இணைத்த இடத்தில் 'என்ஃபோர்ஸ்டு' என்று குறித்திருந்தால் அதுவே வெல்லும். எது வென்றது என்று தெரிய, அந்த சர்வரில் நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் ஜிபிரிசல்ட் கட்டளையை /ஹெச் என்ற தேர்வோடு, ஒரு கோப்புப் பெயர் கொடுத்து ஓட்டுங்கள். வரும் அறிக்கையில் ரெஸ்ட்ரிக்டட் குரூப்ஸ் வரிக்கு எதிரே வென்ற பாலிசியின் பெயர் இருக்கும்.

மாலையில் சேர்த்தது உடனே போகாமல் மறுநாள் போவது ஏன்? சாதாரண சர்வர் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை கூடுதல் இடைவெளி விட்டு, பாலிசியைப் பார்க்கிறது. பாலிசியில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் செக்யூரிட்டி அமைப்புகளை மறுபடி எழுதாமல் விட்டுவிடும். ஆனால் மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றை மீண்டும் அமலாக்கும். கையால் சேர்த்த பெயர் அப்போதுதான் போகிறது. இடையில் அதே பாலிசியில் வேறொரு மூலையில் யாராவது ஒரு சிறு மாற்றம் செய்தால் இன்னும் முன்பே போய்விடும். ஒரு நாள் இரண்டு மணி நேரத்திலும் இன்னொரு நாள் மறுநாள் காலையிலும் பெயர் மறைவதால்தான் மனிதர் மேல் சந்தேகம் வருகிறது. சோதிக்க விரும்பினால் ஜிபிஅப்டேட் கட்டளையை /ஃபோர்ஸ் என்ற தேர்வோடு ஓட்டுங்கள். பெயர் உடனே மறைந்தால் காரணம் உங்கள் கண்முன் இருக்கிறது.

இதில் மிகவும் ஆபத்தானது, இந்தப் பாலிசியை டொமைனின் தலைமட்டத்தில் இணைப்பது. டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரில் தனி லோக்கல் குழுக்கள் கிடையாது. அங்கே அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்பது டொமைனின் சொந்தக் குழு. தலைமட்டத்தில் இணைத்த பாலிசி அங்கேயும் அமலாகி, உயர்மட்ட நிர்வாகிகள் குழுவான என்டர்பிரைஸ் அட்மின்ஸை வெளியேற்றலாம். உதவிக் குழுவை டொமைனுக்கே நிர்வாகி ஆக்கிவிடலாம். கீழ்ப் பெட்டியைச் சரியாகப் பயன்படுத்தியவருக்கும் இந்த இரண்டாவது விபத்து நேரும். டொமைன் கன்ட்ரோலர்கள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பாலிசியைப் புதுப்பிப்பவை என்பதால் யோசிக்க நேரமும் கிடைக்காது. சர்வர்களுக்குத் தனி ஓயூ அமைத்து, அங்கே மட்டும் இணைப்பதே முறை. முதலில் ஒரே ஒரு சர்வரைச் சோதனை ஓயூவில் வையுங்கள். அதற்கும் முன், ஒவ்வொரு சர்வரிலும் நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற கட்டளையின் விடையைக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் நீக்கப்பட்டவர்களை நினைவிலிருந்து திரட்டுவது பெரும்பாடு.

பாலிசி சரியாக எழுதியும் அமலாகவில்லை என்பது வேறு வகைச் சிக்கல். அப்ளிகேஷன் பதிவில் 'எஸ்சிஇசிஎல்ஐ' என்ற மூலத்தோடு 1202 என்ற எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள். அதோடு 0எக்ஸ்534 என்ற பிழை எண் இருந்தால், பட்டியலில் உள்ள ஏதோ ஒரு பெயரை சர்வரால் அடையாளம் காண முடியவில்லை. எந்தப் பெயர் என்பது விண்டோஸ் கோப்புறைக்குள் செக்யூரிட்டி, லாக்ஸ் என்ற துணைக் கோப்புறையில் இருக்கும் வின்லாகான் பதிவுக் கோப்பில், 'கேனாட் ஃபைண்ட்' என்ற சொற்களோடு கிடைக்கும். அங்கே இதே பிழை 1332 என்ற எண்ணில் இருக்கும். வழக்கமான காரணம் இரண்டு. ஒன்று, பெயரைப் பிரவுஸ் பொத்தான் வழியே தேர்ந்தெடுக்காமல் கையால் தட்டியது. அப்போது அடையாள எண்ணுக்குப் பதில் வெறும் பெயர் பதிவாகும். பிறகு கணக்கின் பெயரை மாற்றினால் தொடர்பு அறுந்துவிடும். மற்றொன்று, குழுவை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்கியது. பெயர் ஒன்றானாலும் அடையாள எண் புதியது, பாலிசியில் இருப்பதோ பழைய எண்.

குரூப் பாலிசியின் மற்றொரு பகுதியான ப்ரிஃபரன்சஸில் உள்ள 'லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' இதே வேலையை இன்னும் நெகிழ்வாகச் செய்கிறது. 'அப்டேட்' என்று வைத்தால் சேர்க்கும். 'டிலீட் ஆல் மெம்பர் யூசர்ஸ்' என்பதில் டிக் செய்தால் மட்டுமே பழைய பயனர்களைக் களையும். புதிதாகத் தொடங்குவோருக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆனால் ஒரே குழுவை இரண்டு வழியிலும் ஆளாதீர்கள். ஒன்று சேர்ப்பதை மற்றொன்று நீக்கிக்கொண்டே இருக்கும். இங்கே பழைய ஆபத்து ஒன்றும் உண்டு. முன்பு இந்த வசதி வழியே கடவுச்சொல்லையும் அனுப்ப முடிந்தது. அதை மறைக்கப் பயன்பட்ட சாவி வெளியில் கிடைத்ததால், 2014 மே மாதத் திருத்தத்தில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தியது. அந்தத் திருத்தம் ஏற்கெனவே சேமித்திருந்த கடவுச்சொற்களை அழிக்கவில்லை. டொமைன் கன்ட்ரோலரில் பாலிசிக் கோப்புகள் இருக்கும் சிஸ்வால் கோப்புறையில் உள்ள எக்ஸ்எம்எல் கோப்புகளில் 'சிபாஸ்வேர்ட்' என்ற சொல்லை இன்றே தேடிப் பாருங்கள். கிடைத்தால் அந்தப் பதிவை நீக்கி, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

குழுவில் பெயர் இருந்தும் அனுமதி மறுக்கப்படுகிறது என்றால், பயனர் லாக்-ஆஃப் செய்து மீண்டும் உள்ளே வர வேண்டும்; திரையைப் பூட்டித் திறப்பது போதாது. ஹூஆம்ஐ /குரூப்ஸ் கட்டளை அவர் கையில் உண்மையில் எந்தக் குழுக்கள் இருக்கின்றன என்று காட்டும். கணினிக் கணக்கைக் குழுவில் சேர்த்திருந்தால் அந்தக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

எல்லோரும் வெளியே தள்ளப்பட்டு சர்வருக்குள் யாராலும் நிர்வாகியாக நுழைய முடியவில்லை என்றாலும் சர்வரை அழித்து நிறுவ வேண்டாம். டொமைன் கன்ட்ரோலரிலிருந்து பாலிசியைத் திறந்து, மேல் பெட்டியில் டொமைன் அட்மின்ஸைச் சேர்த்துச் சேமியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சர்வர் தானே எடுத்துக்கொள்ளும்.

மென்பொருள் நிறுவ வருகிற வெளி நிறுவனத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சர்வீஸ் கணக்கைச் சர்வரில் நேரடியாகச் சேர்த்துவிட்டுப் போகாதீர்கள். கணக்கின் பெயர், எந்த சர்வரில் எந்தக் குழுவில் அது இருக்க வேண்டும், ஏன் என்ற விவரங்களை டொமைன் நிர்வாகியிடம் எழுதிக் கொடுங்கள். அவர் அதைப் பாலிசியிலேயே சேர்த்துவிடுவார்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகப் பணியில் உள்ள வாசகர்,
கோவை