18 நிமிடம் என்றால் எத்தனை அடி, பெரியப்பா?

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, சொட்டு மருந்தைக் குறைத்துவிட்டார்கள், இனிமேல் டிவி பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அண்ணி போனில் சொன்னார். கூடவே நீங்கள் கேட்டதையும் சொன்னார்: "புதுசா வந்ததுல எதைப் பாக்கலாம்னு பாண்டிக்காரியக் கேட்டுச் சொல்லு."

கேட்டவர் நீங்கள் என்பதால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொங்கலுக்கு ஓ.டி.க்கு, அதாவது கடலூர் ஓல்டு டவுனுக்கு, நான் வந்திருந்தபோது இதே நீங்கள்தான் திண்ணையில் உட்கார்ந்து, இப்போது வருகிற படங்களைப் பற்றி, "ஒருத்தன் வெட்டறான், அவன இன்னொருத்தன் வெட்டறான், நடுவுல மனுஷன் எங்கம்மா இருக்கான்?" என்று கேட்டீர்கள். அன்றைக்கே என்னிடம் பதில் இருந்தது. பந்தி போட்டுவிட்டார்கள், பேச்சு நின்றுபோனது. போனில் சொன்னாலும் பாதியில் வேறு பேச்சு வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். அண்ணி பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்துத் தருவார். உங்களைப் போலவே கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

முதலில் மெய்யழகன். 2024 செப்டம்பரில் வந்தது. பிரேம்குமார் இயக்கியது, கார்த்தியும் அரவிந்த்சாமியும் நடித்தது. கதை இவ்வளவுதான்: சொத்துத் தகராறில் தஞ்சாவூரில் இருந்த பூர்வீக வீட்டை இழந்து, 1996இல் ஒரு குடும்பம் சென்னைக்குப் போய்விடுகிறது. 22 வருடம் கழித்து அந்த வீட்டுப் பையன் நீடாமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறான். வந்த இடத்தில் ஒருவன் "அத்தான், அத்தான்" என்று விடாமல் கூடவே நிற்கிறான். சாப்பாடு போடுகிறான், ஊரைச் சுற்றிக் காட்டுகிறான், ராத்திரியெல்லாம் பேசுகிறான். அவன் யார், பெயர் என்ன என்பது வந்தவனுக்கு ஞாபகம் வரவே இல்லை. கேட்கவும் கூச்சம். படத்தில் இருக்கிற ஒரே சஸ்பென்ஸ் அதுதான். கத்தி இல்லை, அருவாள் இல்லை. ஒரு பெயர் தெரியவில்லை, அதற்கே நமக்கு நெஞ்சு அடைக்கிறது.

கல்யாண மேடையில் ஒரு இடம் வரும். தங்கை முறையாகிற பெண்ணுக்கு வாங்கி வந்த நகைகளை அண்ணன் அங்கேயே அவளுக்குப் போட்டுவிடுகிறான். அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். பின்னால் ஜனம் நிற்கிறது, போட்டோ எடுக்கிறவர் காத்திருக்கிறார். கேமரா எங்கேயும் ஓடாமல் அந்த இரண்டு முகத்தோடு நிற்கிறது. பக்கத்து சீட்டில் அறுபது வயதுக்காரர் ஒருவர் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கும் ஊரில் பேச்சு விட்டுப்போன தங்கை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தச் சைக்கிள். இவர்கள் வீட்டைக் காலி செய்தபோது விட்டுவிட்டுப் போன பழைய சைக்கிள். இவனுக்கு அது மறந்தே போய்விட்டது. எடுத்துக்கொண்டவர்கள் வீட்டிலோ அடுப்பு எரிந்ததே அதனால்தான். கொடுத்தவனுக்கு நினைவில்லை, வாங்கினவன் ஒரு நாளும் மறக்கவில்லை. அப்பா தறிகெட்டு அலைந்த காலத்தில் நீங்கள் அவருக்கு வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தைப் பற்றி உங்களிடம் கேட்டேனே, "அப்படியா, நானா?" என்றீர்கள். அப்பா அதைச் சாகும்வரை கட்டியிருந்தார். அந்தச் சைக்கிள் காட்சியில் எனக்கு உங்கள் முகம்தான் தெரிந்தது.

இந்தப் படத்தில் ஒரு விஷயம் என்னை இன்றுவரை உறுத்துகிறது. அதை உங்களிடம்தான் சொல்ல முடியும். படம் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. நீளம் என்று பேச்சு கிளம்பியது. ரிலீஸ் ஆன சில நாளில் 18 நிமிடம் குறைத்துவிட்டார்கள். நான் முதல் வாரமே பார்த்துவிட்டேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது முறை போனபோது குறைத்த பிரதி. நல்ல படம் நல்ல படமாகத்தான் இருந்தது, அம்மாவும் அழுதார். ஆனால் எனக்குப் பழகின வீட்டுக்குள் நுழையும்போது ஒரு நாற்காலியை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

18 நிமிடம். நீங்கள் சொல்லிக்கொடுத்த கணக்குதான், நிமிடத்துக்கு 90 அடி பிலிம், அப்படியானால் 1620 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று முழுதாகப் போய், அடுத்ததிலும் பாதிக்கு மேல்.

நீங்கள் படம் ஓட்டிய தியேட்டரின் ஆபரேட்டர் ரூமுக்கு என்னை முதல்முதலில் கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு ஏழு வயது இருக்கும். இரண்டு மெஷின், கார்பன் எரிகிற வெளிச்சம், அந்தச் சூடு. சுவரில் இருந்த சின்ன ஓட்டை வழியாகப் பார்க்க என்னை ஸ்டூல் மேல் ஏற்றினீர்கள். "வலது பக்கம் மேல பாரு, ஒரு புள்ளி வரும்" என்றீர்கள். புள்ளி வந்தது, ஒரு கை அடுத்த மெஷினை ஓடவிட்டது. இரண்டாவது புள்ளி வந்தது, வெளிச்சம் இதிலிருந்து அதற்குத் தாவியது. கீழே உட்கார்ந்திருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அன்றையிலிருந்து இன்றுவரை படம் பார்க்கும்போது என் கண் வலது மூலைக்கு ஒரு தடவையாவது போய்விடுகிறது, இப்போது அங்கே புள்ளி வராது என்று தெரிந்தும்.

இரண்டாவது வாரம் ஆகிவிட்டால் முதலாளி மேலே ஆள் அனுப்புவார்: "செகண்ட் ஷோவுக்கு நேரமாவுது, ஒரு பாட்ட எடுத்துடு." நீங்கள் எடுப்பீர்கள். ஆனால் எடுத்ததைச் சுருட்டி, நூல் கட்டி, எந்த ரீலில் எந்த இடம் என்று சீட்டு எழுதி அலமாரியில் வைப்பீர்கள். படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போகிற அன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப ஒட்டி அனுப்புவீர்கள். "பண்ருட்டிக்காரன் என்ன பாவம் பண்ணான், அவன் முழுசா பாக்கட்டும்" என்று பெரியம்மாவிடம் சொல்வீர்களாம். உங்கள் கட்டைவிரலில் பிலிம் ஒட்டுகிற சிமென்ட் வாசம் எப்போதும் இருக்கும். அந்த 18 நிமிடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசம்தான் வருகிறது. மனிதர்களைக் காட்டவில்லை என்று கோபப்படுகிறோம். ஒருவர் காட்டினால், அவர்கள் ரொம்ப நேரம் பேசுகிறார்கள் என்கிறோம். மனிதன் தெரிய நேரம் வேண்டும், பெரியப்பா. நம்மூர்ச் சித்திரை வெயிலில் மரத்தடியில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் விஷயத்துக்கு வரவே அரை மணி ஆகும்.

அடுத்தது லப்பர் பந்து. இதுவும் அதே செப்டம்பர்தான், மெய்யழகனுக்கு ஒரு வாரம் முன்னால். தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படம். ரப்பர் பந்து கிரிக்கெட், ஊருக்கு ஊர் டோர்னமென்ட். அட்டகத்தி தினேஷ் கெத்து என்கிற பேட்ஸ்மேன். வயது ஏறிவிட்டது, பேட்டைக் கீழே வைக்க மனசில்லை. அவருடைய பலவீனம் எந்தப் பந்து என்று ஹரிஷ் கல்யாண் ஒரு இடத்தில் சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான், மானப் பிரச்சினை. அந்தப் பையன் காதலிப்பது கெத்தோட மகளை, அது அவனுக்குத் தெரியாது.

கெத்து மைதானத்துக்குள் நடந்து வரும்போது எந்தப் பாட்டு போடுகிறார்கள் தெரியுமா? "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்." விஜயகாந்த் நடித்த பொன்மனச் செல்வன், 1989. நீங்கள் ஓட்டிய படம்! விஜயகாந்த் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை அப்போது. 2006இல் விருத்தாசலத்தில் அவரை ஜெயிக்க வைத்த மாவட்டம் நம்முடையது. பாண்டி தியேட்டரில் அந்தப் பாட்டு எழுந்தபோது பின் வரிசையில் நாலைந்து பேர் எழுந்து நின்றே பார்த்தார்கள். விசில் அடித்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பாட்டு வந்தபோது பிறக்கவே இல்லை.

ஆனால் படத்தின் உயிர் கெத்து இல்லை, அவர் மனைவி யசோதை. சுவாசிகா நடித்திருக்கிறார். டிராக்டரோடு மைதானத்துக்கு வருகிற பெண். புருஷன் விளையாட்டைப் பிடித்துத் தொங்குகிறான் என்று கோபம், அதே புருஷன் மேல் தீராத பிரியம். இரண்டையும் ஒரே பார்வையில் வைத்திருக்கிறார். சாதியையும் படம் ஒளிக்கவில்லை. யாரை டீமில் சேர்க்கிறார்கள், யாரை வெளியே உட்கார வைக்கிறார்கள் என்பதிலேயே எல்லாம் சொல்லிவிடுகிறது. வில்லன் என்று யாரையும் கட்டிப்போட்டு அடிக்கவில்லை. பெரிய மனிதர் ஒருவர் "தப்பு என் மேல" என்று ஒத்துக்கொள்ள எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்பதுதான் க்ளைமாக்ஸ் வரை இழுக்கிறது. பெரியம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். பெரியம்மா யசோதை பக்கம்தான் பேசுவார், பந்தயம்.

கொட்டுக்காளி பொறுமை உள்ளவர்களுக்கான படம், உங்களுக்குப் பிடிக்கும். வினோத்ராஜ் இயக்கியது. சூரியும் அன்னா பென்னும். ஒரு பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. அவள் வேறு சாதிப் பையனை விரும்பியதுதான் அந்தப் பேய். படம் முழுக்கப் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ இன்ஜின், காற்று, காலைக் கட்டி வைத்த சேவல், சூரியின் கட்டிய தொண்டை. அவர் கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார், குரல் கரகரவென்று வரும். அவள் ஏறக்குறைய பேசுவதே இல்லை. அந்தக் காலத்தில் இதை ஓட்டியிருந்தால் "ஆபரேட்டர், சவுண்டு!" என்று பெஞ்சிலிருந்து கத்தியிருப்பார்கள். வழியில் ஒரு மாடு ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கும், இத்தனை ஆம்பளைகளும் முழிப்பார்கள். யார் வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்று பாருங்கள். முடிவு முடிச்சு அவிழாமல் நிற்கும், கரண்டு போய்விட்டதா என்று நினைக்க வேண்டாம்.

அதே நாள், 2024 ஆகஸ்ட் 23, மாரி செல்வராஜின் வாழையும் வந்தது. அவர் சின்ன வயதில் பட்ட பாடு. வாழைத்தார் சுமக்கிற கூலியை ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள், கதை லோடு லாரியில் போய் முடிகிறது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு லோடு மேல் ஆட்கள் உட்கார்ந்து போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த லாரியைப் பார்த்ததுமே வயிறு கலங்கும். கண் முழுசாக ஆறட்டும், அப்புறம் பாருங்கள். இந்த வாரம் வேண்டாம்.

டூரிஸ்ட் ஃபேமிலி, 2025 மே. இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு தெருவில் ஒளிந்து வாழ்கிற குடும்பம். சசிகுமார், சிம்ரன். இயக்குநர் அபிஷன் ஜீவிந்த் சின்னப் பையன், அவருக்கும் முதல் படம். பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுகிறது, அதுவரை ஒருவரையொருவர் தெரியாத தெரு அங்கே கூடுகிறது. அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் தெருவில் இருக்கிற எல்லோரும் இவ்வளவு சீக்கிரம் நல்லவர்களாகிவிடுகிறார்களே என்று ஒரு குறை உண்டு. அகதியாக வந்தவர்களுக்கு நம் ஊரில் வாடகை வீடு கிடைப்பதே எவ்வளவு பாடு என்று நமக்குத் தெரியும். இருந்தாலும் பேரப்பிள்ளைகளோடு பார்க்க இதைவிட நல்ல படம் இல்லை.

கடைசியாக மகாராஜா. விஜய் சேதுபதிக்கு 50ஆவது படம், நித்திலன் இயக்கியது. முடி வெட்டுகிற ஒருவர் வீட்டிலிருந்த குப்பைத் தொட்டியைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுக்கிறார். இதில் வெட்டும் உண்டு, ரத்தமும் உண்டு, நெஞ்சைப் பிசைகிற கொடுமையும் உண்டு. பெரியம்மா பார்க்க வேண்டாம். ஆனால் நீங்கள் மட்டும் ஒரு நாள் தனியாகப் பார்க்க வேண்டும், அதற்கு ஒரே காரணம், ரீல் மாறி ஓடினால் எப்படி இருக்கும் என்று நீங்கள் வாழ்நாள் முழுக்கப் பயந்தீர்களே, இவர் அதை வேண்டுமென்றே செய்திருக்கிறார். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று நாம் ஒன்று நினைத்திருப்போம், கடைசியில் எல்லாம் இடம் மாறி உட்காரும். அந்த நொடியில் நான் உங்களைத்தான் நினைத்தேன்.

சரி, வரிசை சொல்லிவிடுகிறேன். முதலில் லப்பர் பந்து, கண்ணுக்கும் மனசுக்கும் லேசு. அப்புறம் டூரிஸ்ட் ஃபேமிலி, அப்புறம் கொட்டுக்காளி. மகாராஜாவும் வாழையும் ஒரு மாதம் போகட்டும். மெய்யழகனை மட்டும் நான் இல்லாமல் தொடங்கிவிடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறிவிடுவேன், கன்னியகோயில் நெரிசல் இல்லையென்றால் ஒன்பதரைக்குள் ஓ.டி.யில் இருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து, எதெதெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று எனக்கு நினைவிருக்கிற வரை சொல்கிறேன். எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி