ஒத்தி முடிந்த வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது?

சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலக அதிகாரிகளுக்கு,

வணக்கம். மதுரை புதூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக லேத் பட்டறை நடத்துகிறவன் நான். உங்கள் அலுவலகத்தில் எனக்கு விண்ணப்பமோ வழக்கோ எதுவும் இல்லை. ஆனாலும் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது.

2016-இல் உசிலம்பட்டிப் பக்கத்து வியாபாரி ஒருவர், கடலை உடைக்கும் இயந்திரம் 40 வேண்டும் என்று வந்தார். மாதிரிக்கு ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டே வந்திருந்தார். அதன் சூட்சுமம் சல்லடையில் இருந்தது. பருப்பு நொறுங்காமல் தொலி மட்டும் விலகும்படி அதைச் சாய்த்து ஆட வைத்திருந்தார்கள். நானும் என் போர்மேனும் மூன்று நாள் அளவெடுத்தோம். நான்காம் நாள் அந்த இயந்திரத்தை விற்கும் நிறுவனத்தின் ஆள் வந்து, காப்புரிமைச் சான்றிதழின் நகல் ஒன்றை மேசைமேல் விரித்தார். 2006 ஆகஸ்டிலிருந்து 20 ஆண்டுகள் என்று அதில் அச்சாகியிருந்தது. “தொட்டால் வழக்கு” என்றார். வாங்கிய முன்பணத்தை வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

2023-இல் ஒரு நாள் என் அக்கா மகன் பட்டறைக்கு வந்திருந்தான். பொறியியல் படித்தவன். பழைய கதையைச் சொன்னதும், நான் குறித்து வைத்திருந்த எண்ணை உங்கள் இணையதளத்தில் தட்டிப் பார்த்தான். “மாமா, இது செத்துப் பத்து வருடம் ஆகிறது” என்றான்.

எப்படிச் செத்தது என்று அன்று இரவெல்லாம் உட்கார்ந்து புரிந்துகொண்டேன். 2006-இல் விண்ணப்பம், 2011-இல் காப்புரிமை. முதல் இரண்டு ஆண்டுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் கிடையாது. மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் முன்கூட்டியே கட்ட வேண்டும். காப்புரிமை கைக்கு வருவதற்குள் சேர்ந்துவிட்ட பாக்கியை, பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இதெல்லாம் கட்டியிருக்கிறார்கள். எட்டாம் ஆண்டுக்கான பணத்தை 2013 ஆகஸ்டுக்குள் கட்டவில்லை. கூடுதல் கட்டணத்தோடு ஆறு மாதம் அவகாசம் உண்டு. அதுவும் போனது. அதற்குப் பிறகும் சட்டம் ஒரு வாசல் வைத்திருக்கிறது: காலாவதியான நாளிலிருந்து, அதாவது கட்டத் தவறிய 2013 ஆகஸ்டிலிருந்து, 18 மாதத்துக்குள் காரணம் காட்டி மீட்டுத் தரும்படி விண்ணப்பிக்கலாம். அந்த வாசலும் 2015 பிப்ரவரியில் மூடிக்கொண்டது. ஆக, 2016-இல் என் மேசைமேல் விரித்தது வெறும் காகிதம். வந்தவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் ஊரில் வீட்டை ஒத்திக்கு விடுவோம். பத்திரம் எழுதிய தேதியிலிருந்து கெடு ஓடும். சாவி பத்து நாள் தாமதமாகக் கைக்கு வந்தாலும் அந்தப் பத்து நாளைக் கடைசியில் சேர்த்துக் கேட்க முடியாது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. விண்ணப்பித்த நாள்தான் கணக்கு. காப்புரிமை கிடைத்த நாள் கணக்கில்லை. முழு விவரத்தைப் பிறகு தருகிறேன் என்று தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்தாலும், அந்த முதல் நாளிலிருந்தே 20 ஆண்டு ஓடுகிறது. நீங்கள் ஆராய எடுத்துக்கொள்ளும் வருடங்கள் கண்டுபிடித்தவரின் கணக்கில்தான் கழிகின்றன. என் கதையில் வரும் நிறுவனத்துக்கு அப்படி ஐந்து ஆண்டு போயிற்று.

அமெரிக்காவில் அலுவலகத் தாமதத்துக்கு நாள் கணக்கில் ஈடு உண்டு. மருந்து என்றால், அரசு ஒப்புதலுக்குக் காத்திருந்த காலத்துக்காக ஐந்து ஆண்டு வரை நீட்டிப்பும் உண்டு. இங்கே இரண்டும் இல்லை. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில் போதிய லாபம் கிடைக்கவில்லை என்று மனுப் போட்டு நீட்டிப்புக் கேட்க வழி இருந்தது. 1970-இல் அதை எடுத்துவிட்டார்கள். கண்டுபிடிக்கிறவர்கள் என்மேல் கோபப்படலாம். ஆனால் எனக்கு இந்தக் கறார் பிடித்திருக்கிறது. கெடு என்றால் கெடுவாக இருக்க வேண்டும். மதுரை மல்லிக்கும் சுங்குடிக்கும் வாங்கிய புவிசார் குறியீட்டைப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். அது ஊரின் பெயர், ஊரோடு இருக்கட்டும். காப்புரிமை அப்படி அல்ல. நுட்பத்தை ஒளிக்காமல் எழுதிக்கொடு, பதிலுக்கு இத்தனை ஆண்டு நீ மட்டும் வைத்துக்கொள் என்று செய்த ஏற்பாடு. கெடு முடிந்தால் வீடு ஊருக்கு.

புதுப்பிப்புக் கட்டணத்தையும் நான் குறை சொல்லவில்லை. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் மூன்று முதல் ஆறாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800 ரூபாய். பிறகு 2,400, 4,800 என்று ஏறி, பதினாறாம் ஆண்டிலிருந்து 8,000. இருபது ஆண்டும் உயிரோடு வைத்திருக்க மொத்தம் 76,800 ரூபாய். பெரிய நிறுவனத்துக்கு இதைப்போல் ஐந்து மடங்கு. ஆண்டு ஏற ஏறக் கட்டணமும் ஏறுவதால், பயன்படுத்தாதவர் பாதியில் கைவிடுவார். நல்ல யோசனைதான். ஆனால் கைவிட்ட செய்தி எங்களுக்கு எப்படி வந்து சேரும்?

மருந்தில் வந்து சேருகிறது. நான் சர்க்கரைக்காரன். சிட்டாக்ளிப்டின் மாத்திரையின் காப்புரிமை 2022 ஜூலையில் முடிந்ததும், வேறு வேறு நிறுவனங்களின் மாத்திரைகள் மலிவு விலையில் கடைக்கு வந்துவிட்டன. அந்த நிறுவனங்களில் தேதியை எண்ணிக்கொண்டிருக்க வக்கீல்கள் இருக்கிறார்கள். கெடு முடிவதற்கு முன்பே தயாரித்துப் பார்த்து ஒப்புதல் வாங்கச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. காசநோய்க்கான பெடாகுவிலின் மருந்தில், பழைய காப்புரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தபோது, அதே மருந்தின் உப்பு வடிவத்துக்குப் புதிதாகக் காப்புரிமை கேட்டிருந்தார்கள். காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் அதை எதிர்த்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் உங்கள் துறையே அதை நிராகரித்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று உங்கள் துறைமேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

கடலை உடைக்கும் சல்லடைக்கு அப்படி யார் வருவார்கள்? இந்தத் தொழிற்பேட்டையில் நூறு பேரைக் கேட்டால், காப்புரிமை என்றால் பயம் என்பார்கள். அதற்கு ஆயுள் உண்டு, இடையிலும் சாகும் என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் தரும் சான்றிதழும் அப்படித்தான் இருக்கிறது. 20 ஆண்டு என்று நடுவில் பளிச்சென்று தெரிகிறது. புதுப்பிப்புக் கட்டணம் எந்தத் தேதியில் வரும் என்பது அடிக்குறிப்பில் கிடக்கிறது. காப்புரிமை இறந்த பிறகும் நகல் இறப்பதில்லை. மேசைக்கு மேசை போய்க்கொண்டே இருக்கிறது.

சட்டம் எங்களைக் கைவிட்டிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு காப்புரிமை எப்போது முடிந்தது, கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்று யார் வேண்டுமானாலும் உங்களிடம் கேட்டுப் பெற 153-ஆம் பிரிவு இருக்கிறது. ஆதாரமில்லாமல் மிரட்டினால் நீதிமன்றம் போக 106-ஆம் பிரிவு இருக்கிறது. இல்லாத காப்புரிமையை இருப்பதாகச் சொல்லி விற்றால் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க 120-ஆம் பிரிவு இருக்கிறது. இந்த மூன்று எண்ணும் 2016-இல் எனக்குத் தெரிந்திருந்தால் 40 இயந்திரமும் செய்து அனுப்பியிருப்பேன்.

நான் கேட்பது பெரிதில்லை. விண்ணப்பம் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. அதை நான் மாற்றச் சொல்லவில்லை. முடிந்துபோனவற்றையாவது எங்கள் மொழியில் சொல்லுங்கள். வெள்ளிதோறும் காப்புரிமை இதழை வெளியிடுகிறீர்கள். அதோடு தமிழில் ஒரு பக்கம் சேருங்கள்: விவசாயக் கருவி, பம்பு, நெசவு, சமையல் பாத்திரம் என்று எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடிய பொருள்களில், கெடு முடிந்தோ கட்டணம் கட்டாமலோ ஊருக்கு வந்து சேர்ந்தவை எவை, எந்தத் தேதி முதல், அது என்ன பொருள் என்று இரண்டு வரி. சான்றிதழில், இதன் இன்றைய நிலையைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு வரியை நடுவில், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். மாவட்டத் தொழில் மையத்துக்கும் அந்தப் பட்டியலை அனுப்புங்கள். அங்கே அறிவிப்புப் பலகையில் இடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தமிழ்ப்படுத்த ஆளில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். எங்கள் பக்கம் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்று லேத் ஓடாது. சும்மாதான் உட்கார்ந்திருப்பேன், எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
புதூர் தொழிற்பேட்டைப் பட்டறைக்காரன்