ஸ்டென்ட் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு இனி நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, அடைத்த குழாயை உள்ளிருந்து விரித்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட்டே போதும் என்ற தொனியில் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாரடைப்பு வந்த வேளையில் அடைப்பை உடனே நீக்கி உயிரைக் காப்பதில் ஸ்டென்ட்டுக்கு ஈடில்லை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவருக்குப் பல குழாய்களில் அடைப்பு இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அத்தகைய 1,900 நோயாளிகளை வைத்து நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ‘ஃபிரீடம்’ ஆய்வில், 5 ஆண்டுகளில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.3 விழுக்காட்டினரும், நெஞ்சைத் திறந்து அடைப்பைத் தாண்டி ரத்தம் செல்ல மாற்றுக்குழாய் பொருத்தும் பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களில் 10.9 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். பக்கவாதம் பைபாஸ் பிரிவில்தான் கூடுதல் என்பதையும் மறைக்கக் கூடாது. நம் மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டுக்கும் மேலாக இருந்தது.

வட்டாரத்துக்கு வட்டாரம் அறுவை முறையும் வேறுபடுகிறது. ஜப்பானில் பாதிக்கும் மேற்பட்ட பைபாஸ் சிகிச்சைகள் இதயத்தை நிறுத்தாமல், அது துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்யப்படுகின்றன; இந்தியாவிலும் அம்முறை பரவலாக இருக்க, அமெரிக்காவில் குறைவு. எது சிறந்தது என்பதை அறுவை நிபுணர்கள் பேசிக்கொள்ளட்டும். எங்கள் பக்கத்தில் சிக்கல், நோயாளி அந்த அறுவை மேசை வரைக்கும் போய்ச் சேருவதிலேயே இருக்கிறது.

செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் அண்மையில் தம் கோப்பை என்னிடம் கொண்டுவந்தார். மூன்று குழாய்களிலும் அடைப்பு, பைபாஸ் நல்லது என்று மலாயில் தெளிவாக எழுதியிருந்தது. பினாங்குக்குப் போக வேண்டுமா, தலைநகருக்கா என்றுகூட அவர் விசாரிக்கவில்லை, “எத்தனை மாசம் வேலைக்குப் போகக் கூடாது, டிரெசரே?” என்பது ஒன்றுதான் கேள்வி (தோட்டத்தில் மருத்துவ உதவியாளரை அப்படித்தான் அழைப்பார்கள்). பிளந்து கம்பியால் கட்டிய மார்பெலும்பு நன்றாகக் கூட இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை 20 கிலோ குலையைத் தூக்குவதைப் பற்றி நினைக்கவே கூடாது. ஸ்டென்ட் என்றால் சில வாரங்களில் மீண்டும் குலை வெட்டப் போய்விடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர் சொன்னதைவிடக் கூலிக் கணக்கே அங்கு முடிவெடுக்கிறது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நோய்க்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்று வேலைச் சட்டம் சொல்கிறது. டன் கணக்கில் குத்தகைக்கு வெட்டுபவருக்கு அது எட்டாக்கனி.

பைபாஸ் பரிந்துரைக்கப்பட்டவருக்கு அதன் நன்மை தீமைகளைக் குடும்பத்தாரையும் உடன் வைத்துத் தமிழிலேயே விளக்கும் ஏற்பாடு மாவட்ட மருத்துவமனைகளில் வேண்டும். குத்தகைத் தொழிலாளர்களின் ஓய்வுக்காலக் கூலியைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தன் பேச்சுவார்த்தையில் சேர்க்க வேண்டும். தாங்களும் இதய அறுவை நிபுணர் ஒருவரைக் கொண்டு இனிப்புநீர் நோயாளிகளுக்கென்றே ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.