கோபுரத்தைச் சுற்றிக் கையால்தான் அறுக்கிறோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் காற்றாலை, சூரிய மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘இழப்பீட்டுக்காக விவசாயிகள் முரண்டு பிடிப்பதால்தான் உயர்மின் பாதைகள் தாமதமாகின்றன’ என்று அதில் ஒரு வரி. தாத்தா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வருகிற வீடு எங்களுடையது. அதில் இப்படி வந்தது மனதை மிகவும் புண்படுத்திவிட்டது.

எங்கள் வயலின் நடுவே ஒரு உயர்மின் கோபுரம் நிற்கிறது. மின் பாதைக்கும் பயன்படுத்துகிற 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டித்தான் உள்ளே வந்தார்கள். அதில் நில உடைமையாளரின் சம்மதம் தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சம்பா பால் பிடிக்கிற நேரத்தில் வயலில் லாரியை இறக்கினார்கள். வரப்பு உடைந்தது, கான்கிரீட் கழுவிய தண்ணீர் பயிரில் பாய்ந்தது. அறுவடை இயந்திரம் அந்த நாலு காலுக்குள் நுழையாது. இன்றும் அங்கே கையால்தான் அறுக்கிறோம், அதற்கும் ஆள் கிடைப்பதில்லை. மார்கழிப் பனியில் கம்பி ‘உஸ்’ என்று இரையும்போது கீழே நிற்கவே பெண்கள் பயப்படுகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது பயிர்ச் சேதத்துக்கான பணம் மட்டும்.

கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் என்று 2015இல் மத்திய மின்துறை வழிகாட்டுதல் சொன்னது. 2024 ஜூனில் அதை 200 சதவீதமாக்கினார்கள். கம்பி போகும் அகலத்துக்கு 30 சதவீதம். இதை எங்கள் ஊரில் வந்து சொன்னவர் யாருமில்லை. அரசே எழுதி வைத்ததைக் கேட்டால் அது முரண்டா?

மீத்தேன் எடுக்கும் திட்டம் வேண்டாம் என்றபோதும் வளர்ச்சிக்குத் தடை என்றுதான் எங்களைச் சொன்னார்கள். அப்புறம் 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டசபையே சட்டம் போட்டது. 2018இல் கஜா புயல் லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தபோது, மின் ஊழியர்களோடு சேற்றில் இறங்கிக் கம்பம் சுமந்தவர்கள் எங்கள் பையன்கள்.

காற்றாலை மின்சாரம் எங்களுக்கும் வேண்டும். காற்றாலைகள் நிற்கிற ஆரல்வாய்மொழியில் காற்று பலமாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. எங்கள் குறுவையும் அப்போதுதான். கமுதியின் சூரிய மின்சாரமோ பகலில் கிடைப்பது, நாங்கள் பம்புசெட் ஓட்டுவதும் பகலில். ஆனால் பெரிய கோபுரங்களுக்குத் திட்டம் போடுகிறவர்கள் எங்கள் ஊர் டிரான்ஸ்பார்மரை மறந்துவிடுகிறார்கள். தலைக்கு மேல் அத்தனை மின்சாரம் போகிறது, கீழே லோ வோல்டேஜில் மோட்டார் காயில் எரிகிறது. நாற்று காயும் நேரத்தில் அதைக் கழற்றி மன்னார்குடிக்குத் தூக்கிக்கொண்டு போவது யார்?

2024 வழிகாட்டுதலைத் தமிழில் ஓர் அரைப் பக்கம் வெளியிடுங்கள். புதிய பாதைகளின் வரைபடத்தை முன்கூட்டியே ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட முடியுமா, உளுந்து எடுத்த பிறகு சித்திரை, வைகாசியில் அளக்க வர முடியுமா என்று உங்கள் நிருபர் அதிகாரிகளிடம் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்