கவராயம் பிடிக்கிற கை கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுப் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறை திறந்தார்கள், ஹைடெக் லேப் திறந்தார்கள் என்று உங்கள் நாளிதழில் படிக்கும்போதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் திரைக்கு இவ்வளவு செலவு செய்தவர்கள் சில ஆயிரம் ரூபாய்ச் சாமான் ஒன்றை மறந்துவிட்டார்கள். டாக்குமென்ட் கேமரா. மேஜை விளக்கு மாதிரி வளைந்த கழுத்து, நுனியில் கீழே பார்க்கிற கேமரா, கணினியில் செருக ஒரு யுஎஸ்பி வயர், அவ்வளவுதான். அடியில் நோட்டை வைத்து எழுதினால் எழுத எழுத அப்படியே திரையில் தெரியும்.

நான் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். பொதுத்தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்கே 35 போதும் என்னும்போது, மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு இந்த 16 எவ்வளவு பெரிய விஷயம் என்று கணித ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த இரண்டையும்தான் கரும்பலகையில் சரியாக நடத்தவே முடியாது.

அடிப்பக்கம், உச்சிக்கோணம், நடுக்கோடு கொடுத்து முக்கோணம் வரையச் சொல்லும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தை வரைந்து, அதன் ஒரு முனையில் கீழ்ப்பக்கமாக உச்சிக்கோண அளவில் ஒரு கோடு, அந்தக் கோட்டிலிருந்து 90 டிகிரி அளந்து இன்னொரு கோடு, அப்புறம் அடிப்பக்கத்துக்கு மையக்குத்துக்கோடு, இரண்டும் வெட்டுகிற இடத்தை மையமாக வைத்து வட்டம். பிள்ளைகள் தப்பு செய்கிற இடம் அந்த 90 டிகிரிதான், புதுக் கோட்டிலிருந்து அளக்காமல் அடிப்பக்கத்திலிருந்தே அளந்துவிடுவார்கள். கோணமானியை எப்படித் திருப்பி வைப்பது என்று பலகையில் காட்டும்போது பாதி வகுப்புக்கு என் முதுகுதான் தெரியும். மரக் கவராயமோ வழுக்கிக்கொண்டு போகும். அவர்கள் பெட்டியில் இருக்கிற சின்னக் கவராயத்தை உச்சியில் இரண்டு விரலால் பிடித்துச் சுழற்ற வேண்டும், பென்சில் காலைப் பிடித்து அழுத்தினால் வாய் அகன்று, தொடங்கிய இடத்தில் வட்டம் வந்து சேராது. இதை மரக் கவராயத்தில் எப்படிக் காட்டுவது?

வரைபடமும் அப்படித்தான். வரைபடத் தாளின் மில்லிமீட்டர் கட்டம் பலகையில் கிடையாது. பரவளையம் என்கிற வளைகோட்டுக்குப் புள்ளிகளை எல்லாம் சரியாக வைத்துவிட்டு ஸ்கேலால் இணைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! கையால் வளைத்து இழுப்பதை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்தால் போதும். வீடியோ இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதில் கோடு தானாகவே ஓடும், கவராயம் யார் கையிலும் இருக்காது.

2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது எங்களில் நிறையப் பேர் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் போனைக் கீழே பார்க்கும்படி வைத்து, நோட்டில் எழுதி வீடியோ அனுப்பினோம். நான் இப்போதும் லேபில் ஸ்டாண்டில் போனை மாட்டி அப்படித்தான் நடத்துகிறேன். நன்றாகவே போகிறது, பாதி வட்டத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கம் திரையில் வந்து நிற்கும் வரை. சொந்தப் போன் இதற்குச் சரிவராது.

பிள்ளைகளின் நோட்டையும் இதில் வைக்கலாம். பெயர் தெரியாமல் வைத்து, ‘இதில் எங்கே பிசகியிருக்கிறது, சொல்லுங்கள்’ என்றால் வகுப்பே சேர்ந்து தேடும். கொஞ்ச நாளில் ‘என் நோட்டை வைங்க மிஸ்’ என்று அவர்களே கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

தொல்லை இல்லாமல் இல்லை. டியூப்லைட் நேர் மேலே இருந்தால் தாள் பளபளக்கும், பென்சில் கோடு வெளிறித் தெரியும் என்பதால் ஸ்கெட்ச் பேனாவைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, கை அசையும்போதெல்லாம் ஃபோகஸ் தடுமாறும். தாளை மாற்றினால் முந்தைய படிகள் மறைந்துபோகும், அதனால் படிகளைக் கரும்பலகையில்தான் எழுதியாக வேண்டும். பலகையை ஓரம்கட்டச் சொல்லவில்லை.

கல்வித் துறை அடுத்த முறை திரைகளுக்கு டெண்டர் விடும்போது இதையும் சேர்க்கட்டும். ஏ4 தாள் முழுவதும் அடங்க வேண்டும், ஃபோகஸை நிறுத்தி வைக்க வசதி வேண்டும், கூடவே சின்ன விளக்கு இருந்தால் நல்லது. ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தில் உதவ வருகிற முன்னாள் மாணவர்களிடமும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். அதுவரை பள்ளி மானியத்திலிருந்து, மேலாண்மைக் குழு தீர்மானத்தோடு வாங்கலாம் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்தால்கூடப் போதும். பட்டியலில் இல்லாத பொருளை வாங்கிவிட்டுத் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்றுதான் தலைமையாசிரியர்கள் தயங்குகிறார்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி,
தஞ்சாவூர் மாவட்டம்