மலையகத்து ஆசிரியர்கள் மலையையும் படிக்கட்டும்: கல்வியியற் கல்லூரியில் மூன்று தெரிவுப் பாடங்கள் கேட்டு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
செயலாளர்,
கல்வி, உயர்கல்வி மற்றும் தொழிற்கல்வி அமைச்சு,
இசுருபாய, பத்தரமுல்லை.

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிற ஆசிரியர்களும் பெற்றோர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலையகத்துக்கு ஆசிரியர்களை அனுப்புகிற தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மலைநடையும் வெளிக்களப் பயிற்சியும் ஒரு பாடமாக, சிலம்பம் ஒரு பாடமாக, தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தும் தப்பு என்கிற பறையும் ஒரு பாடமாக மூன்று தெரிவுப் பாடங்கள் வேண்டும். கலைவிழாவுக்கு முன்னால் அவசர அவசரமாக ஒத்திகை பார்த்து மேடையேறி இறங்குவதோடு முடிகிற காரியமாக வேண்டாம். நேரசூசியில் இடம், பரீட்சையில் புள்ளி, சான்றிதழில் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். நாட்டிலுள்ள 19 கல்லூரிகளிலும் ஒரே நேரத்தில் கேட்கவில்லை, பத்தனை ஸ்ரீபாத கல்லூரியில் ஒரு பிரிவோடு தொடங்கினாலே எங்களுக்குப் பெரிய விஷயம்.

பாடசாலையில் கேட்காமல் ஏன் கல்லூரியில் கேட்கிறீர்கள் என்று நினைக்கலாம். ஆசிரிய மாணவர்கள் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படித்து, அடுத்த ஒரு வருடம் பாடசாலைகளில் கட்டுறுபயில்வு செய்கிறார்கள். அந்த இரண்டு வருடத்தில் கையில் ஏறாதது, பிறகு சுற்றறிக்கை அனுப்பினாலும் வகுப்பறைக்கு வராது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகச் சொன்னால் எந்த அதிபரும் தயங்குவார், தயங்குவதும் நியாயம்தான், ஏனென்றால் கூட்டிப்போகத் தெரிந்த ஆள் பாடசாலையில் இல்லை.

மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு மலை ஏறப் படிப்பிக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். ஏறத் தெரியும், கொழுந்துக் கூடையோடு ஏறுகிற அம்மாமார்களின் பிள்ளைகள் அவர்கள். ஆனால் வரைபடம் வாசிக்கத் தெரியாது. திசைகாட்டியைக் கையில் பிடித்திருக்க மாட்டார்கள். சரிவில் புதிதாக வெடிப்பு விழுந்தாலோ, மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ அது என்ன அறிகுறி என்று யாரும் அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, லயங்கள் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனை இடத்தில் மலை சரிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியான நேரத்தில் முதலில் ஓடி வருவது பக்கத்து லயத்துப் பொடியன்கள்தான். கயிறு கட்டத் தெரிந்து, முதலுதவி தெரிந்து, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிற மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு மண்சரிவு எச்சரிக்கைகளுக்கு என்ன பொருள் என்று தெரிந்த ஒரு ஆசிரியர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தால் எவ்வளவு உதவி! காசல்ரி, மவுசாக்கலை, மேல் கொத்மலை என்று நம்மைச் சுற்றி இத்தனை நீர்த்தேக்கங்கள் இருக்க, நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் எந்தப் பாடசாலைக்கும் எட்டாத விஷயமாகவே இருக்கின்றன. அதையும் இந்தப் பாடத்துக்குள்தான் சேர்க்கச் சொல்கிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல் பீக்கோ ட்ரெயில் என்ற நடைபாதை போகிறது. பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துப் பழைய பாதைகள், அவற்றில் நம்முடைய பாட்டன் பாட்டி நடந்த தடங்களும் அடங்கும். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து அதில் நடக்கிறார்கள், நம் பிள்ளைகள் லயத்து வாசலில் நின்று கை காட்டுகிறார்கள். அந்தப் பாதையில் அவர்களும் ஆசிரியரோடு ஒரு கட்டமாவது நடந்து, வழியிலுள்ள பழைய கோப்பிக் காலத்துக் கதையையும் மரம் செடியையும் படிக்கட்டும். 2023இல் மலையகத் தமிழர் வருகையின் 200ஆவது ஆண்டை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, வரலாற்றைக் காலால் நடந்து படிக்கலாம் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சிலம்பம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். கராத்தே வகுப்பு நகரத்தில் இருக்கிறது, ஆனால் மாதக் கட்டணமும் பஸ் காசும் சேர்ந்தால் நாட்சம்பளக் குடும்பத்துக்குக் கட்டாது. சிலம்பத்துக்கு ஒரு கம்பும் ஒரு திடலும் போதும், சுவடு வைக்கப் பழகுவதற்குக் கம்புகூட வேண்டியதில்லை. மாலை வகுப்பு முடிந்து தேயிலை மலைக்குள் ஒற்றையடிப் பாதையில் வீடு திரும்புகிற பெண் பிள்ளைகளுக்கு உடம்பில் ஒரு தைரியம் வர வேண்டும் என்பது எங்களுடைய முதல் காரணம், இதைக் கேட்டு அதிகம் வற்புறுத்தியதும் அம்மாமார்கள்தான். சிங்கள நண்பர்களின் தற்காப்புக் கலையான அங்கம்பொரவையும் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்கலாம், 1818 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்காரன் தடை செய்த கலை அது. இரண்டையும் ஒரே திடலில் பழகுகிற ஆசிரியர்கள் நாளைக்கு ஒருவரையொருவர் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் கூத்து. மாசி மாதம் கம்பம் ஊன்றி, ரதி மதன் கல்யாணம் நடத்தி, மதனை எரித்து, திரும்ப உயிர்ப்பித்து என்று நாள்கணக்கில் தோட்டமே சேர்ந்து நடத்துகிற காமன் கூத்து இன்றைக்குப் பல இடங்களில் பாட்டுத் தெரிந்த ஒன்றிரண்டு பெரியவர்களை நம்பித்தான் நிற்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் பரதமும் கர்நாடக சங்கீதமும் இருக்கின்றன, நல்லது, இருக்கட்டும். ஆனால் தன் தோட்டத்துப் பாட்டைப் புள்ளிக்காகப் பாட ஒரு பிள்ளைக்கு இடம் கிடைப்பது அருமை. தப்பைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கிற இடத்துக்கு, ஆள் கூப்பிட்டதும் தப்புதான், சாவுக்கும் திருவிழாவுக்கும் முழங்குவதும் தப்புதான், இருந்தும் அதை அடிப்பது இன்ன ஆட்களின் வேலை என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். கல்லூரி மண்டபத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக நின்று அதைப் பழகி அதற்குப் புள்ளியும் வாங்கினால், மேடைப் பேச்சால் ஆகாதது ஆகும் என்று உறுதியாக நம்புகிறோம்.

இதில் ஒரு சிக்கல் வரும், அதையும் நாங்களே சொல்கிறோம். கூத்து வாத்தியாரிடமும் சிலம்ப வாத்தியாரிடமும் பட்டம் இருக்காது, சிலரிடம் சாதாரண தரச் சான்றிதழ்கூட இருக்காது. வருகைதரு விரிவுரையாளருக்கான தகுதி அட்டவணையை வைத்துப் பார்த்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரும் கல்லூரியின் அழகியல் விரிவுரையாளர்களும் நேரில் பார்த்துத் தகுதியை உறுதிப்படுத்தினால் போதும் என்று ஒரு விதிவிலக்கு தாருங்கள். மரியாதையான கொடுப்பனவும் தாருங்கள், சால்வை போர்த்தி அனுப்புவதோடு விட்டுவிட வேண்டாம். மாசியில் கூத்து நடக்கிற நாட்களில் ஆசிரிய மாணவர்கள் தோட்டத்தில் தங்கிப் பார்க்க விடுமுறையும் தேவை. மலைநடையை மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில் வைக்கலாம்.

பாடத்திட்ட வரைவை மகரகம தேசிய கல்வி நிறுவகத்தோடு சேர்ந்து எழுத எங்களில் அனுபவமுள்ளவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள், அதற்குச் சம்பளம் கேட்கவில்லை. பத்தனையிலோ ஹட்டனிலோ ஒரு நாள் உங்கள் அதிகாரிகளை அனுப்புங்கள், வாத்தியார்களையும் கூட்டி வருகிறோம். முடியும், முடியாது எதுவானாலும் எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பகுதித் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் பெற்றோர்களும்