சான்று கேட்காமல் நம்பியவர்களுக்கு

அன்புள்ள தோழமைகளுக்கு,

வணக்கம். நேரில் நன்றி சொல்லப் போனால் எனக்கு வார்த்தை வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்குக் காரணம் வேறு. முப்பதிலோ நாற்பதிலோ அறுபதிலோ தனக்கு ஆட்டிசம் (பிறப்பிலிருந்தே உலகை உணர்வதும் பிறரோடு பழகுவதும் வேறுபட்டிருக்கும் நிலை) இருப்பதை அறிந்துகொண்டு, யாரிடம் போய்ப் பேசுவது என்று புரியாமல் இருக்கும் ஒருவர் இதைப் படிக்கக்கூடும். தாங்களும் ஆட்டிசத்தோடு வாழ்ந்துகொண்டே மற்றவர்களுக்குத் துணை நிற்கிற உங்கள் வட்டத்தைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நீங்கள் கேட்டுக்கொண்டபடி யார் பெயரையும் குறிப்பிடவில்லை.

முதல் நன்றி, என்னை நம்பியதற்கு. மதிப்பீடு முடிந்து ஆட்டிசம்தான் என்று உறுதியான பிறகும் என்னைச் சுற்றியிருந்தவர்கள் சொன்னது ஒன்றுதான்: "நன்றாகத்தானே பேசுகிறாய், ஒழுங்காக வேலைக்குப் போகிறாய், உனக்கு எப்படி ஆட்டிசம் இருக்கும்?" அக்கறையோடு சொன்னவர்களும் உண்டு, சலித்துக்கொண்டு சொன்னவர்களும் உண்டு. இருவரிடமும் எனக்காக நானே வழக்காட வேண்டியிருந்தது. கண்ணைப் பார்த்துப் பேச எவ்வளவு மெனக்கெடுகிறேன், ஒரு விசேஷத்துக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு நின்றுவிட்டு வந்தால் மறுநாள் எப்படி எழ முடியாமல் கிடக்கிறேன் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாக ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல, சாக்குச் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

உங்களிடம் வந்தபோது யாரும் எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. சான்றிதழ் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. வயது வந்தவர்களுக்கு ஆட்டிச மதிப்பீடு செய்யத் தெரிந்த நிபுணர்கள் குறைவு. செலவையும் காத்திருப்பையும் எல்லோராலும் தாங்க முடியாது. அதனால், படித்தும் தன்னைக் கவனித்தும் தானாகவே அறிந்துகொண்டவர்களுக்கும் உங்கள் வட்டத்தில் இடம் வைத்திருக்கிறீர்கள். இதைப் பெரிய அறமாகவே நான் மதிக்கிறேன்.

முதல் சந்திப்புக்கு முன், உங்களில் நான் அக்கா என்று அழைப்பவர் அனுப்பிய குறிப்பை இன்னும் வைத்திருக்கிறேன். எந்த வாசல் வழியாக வர வேண்டும், மாடிப்படி எந்தப் பக்கம், ஏறத்தாழ எத்தனை பேர் வருவார்கள், யார் முதலில் பேசுவார், எத்தனை மணிக்குக் கட்டாயம் முடியும் என்று எல்லாம் அதில் இருந்தது. மின்விசிறி கடகடக்கும், ஜன்னலோர மூலையில் சத்தம் குறைவு என்று ஒரு வரி. டியூப் லைட்டைப் போட மாட்டோம், ஜன்னல் வெளிச்சம்தான் என்று இன்னொரு வரி. பேசாமலே இருந்துவிட்டுப் போகலாம். நடுவில் எழுந்து போனால் காரணம் சொல்லத் தேவையில்லை. கீழே வாசற்கதவின் புகைப்படம். புதிய இடத்துக்குப் போவதென்றால் முந்தைய இரவே தூக்கம் கெடுகிற எனக்கு, அந்த ஒரு பக்கக் குறிப்பு செய்த உதவியை வேறு யாரும் அதுவரை செய்ததில்லை.

அறைக்குள் நுழைந்ததும் மேசையில் வண்ண அட்டைகள் இருந்தன. சிவப்பு அணிந்தவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. மஞ்சள் அணிந்தவரிடம் ஏற்கெனவே பழகியவர்கள் மட்டும் பேசலாம். பச்சை என்றால் பேச விருப்பம், ஆனால் தொடங்கத் தெரியவில்லை, நீங்களே தொடங்குங்கள் என்று பொருள். 1992இல் ஜிம் சின்க்ளேரும் மற்றவர்களும் தொடங்கிய ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் சந்திப்புகளில் உருவான வழக்கம் இது என்று பிறகு சொன்னீர்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்காகத் தாங்களே கண்டுபிடித்த ஏற்பாடு. நான் சிவப்பை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். கூட்டம் முடியும்வரை ஒருவரும் என்னிடம் வரவில்லை. அதற்காக அன்று நான் உங்கள்மீது கொண்ட அன்பு கொஞ்சமல்ல.

உங்களோடு பேசுவது மட்டும் ஏன் இவ்வளவு இலகுவாக இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். உங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியையான அம்மா ஒருவர் அதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: புரிந்துகொள்வதில் ஏற்படும் சிக்கல் ஒருவரின் தனிக் குறைபாடாக இருக்கத் தேவையில்லை, வெவ்வேறு விதமாக உலகை உணர்கிற இருவருக்கு நடுவில், இரு பக்கமும் சேர்ந்து உண்டாவது அது. 2020இல் கேத்தரின் கிராம்ப்டனும் சக ஆய்வாளர்களும் ஒரு கதையை ஒருவர் மாற்றி ஒருவராகச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில், இல்லாதவர்கள் வரிசைக்கு நிகராகவே கதை சேதாரமின்றிப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் அதிகம் உதிர்ந்தன. பின்னர் 2025இல் இன்னும் பலரை வைத்துச் செய்த ஆய்வில் அந்த வேறுபாடு தென்படவில்லை என்பதையும் அந்த அம்மா மறைக்காமல் சொன்னார். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் எங்களுக்குப் பேசத் தெரியாது என்ற பேச்சு நிற்காது. "உனக்குப் பேசவே தெரியவில்லை" என்று கேட்டே வளர்ந்த எனக்கு அந்த மாலை மறக்க முடியாதது.

இப்போது அந்த மோசமான மாதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்காக மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டதன் களைப்பெல்லாம் ஒன்றாக வந்து இறங்கியதுபோல், பழகிய வேலைகள்கூடச் செய்ய முடியாமல் போன காலம். பர்ன்அவுட் என்று நீங்கள் சொன்னபோதுதான் அது சோம்பல் இல்லை என்று என்னால் ஏற்க முடிந்தது. பாத்திரங்கள் தொட்டியில் குவிந்து கிடந்தன. எழுந்துபோய்க் கழுவ வேண்டும் என்று மனம் சொல்கிறது, உடம்பு அசைய மறுக்கிறது. அக்காவுக்கு ஒரு வரி அனுப்பினேன். உடனே அழைத்தார். "பேச வேண்டாம். போனை ஸ்பீக்கரில் போட்டு வையுங்கள். நான் இங்கே துணி மடிக்கிறேன்." அவ்வளவுதான் சொன்னார். துணியை உதறும் சத்தம் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நான் குழாயைத் திறந்தேன். கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்ததும் "முடிந்தது" என்றேன். "எனக்கும் முடிந்தது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஏன் முடியவில்லை என்று கேட்கவில்லை, நாளை முதல் இப்படிச் செய்யுங்கள் என்று யோசனை சொல்லவில்லை. அக்கா, அதுபோன்ற எத்தனையோ மாலைகளுக்கு நன்றி.

என்ன உணர்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு ஒன்றும் தோன்றாது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தங்கள் உணர்ச்சி இன்னதென்று பிரித்தறிவது கடினம் என்றும் அதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர் என்றும் அறிமுகப்படுத்தியவர் எங்களில் இளையவரான தம்பி. அதோடு நிறுத்தாமல், "மனதை விடுங்கள், உடம்பைக் கேளுங்கள். தாடை இறுகியிருக்கிறதா? தோள் தூக்கியிருக்கிறதா? கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள்?" என்று மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு என் மேசையில் ஒட்டியிருக்கிறது, தம்பி.

என் அம்மாவிடம் பேசியதற்காக உங்களில் ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்த நாள் முதல் அம்மா, "பெற்றவள் எனக்கே தெரியாமல் போய்விட்டதே" என்று மருகிக்கொண்டிருந்தார். நான் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை. நீங்கள் ஒரு தாயாகவும் ஆட்டிசம் உள்ளவராகவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினீர்கள். லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதையும், பிறகு பல ஆண்டுகள் நிபுணர்களே தாயின் அன்புக் குறைவுதான் காரணம் என்று பழி சுமத்தியதையும், அது தவறென்று பின்னர் ஆனதையும் சொன்னீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் என்ற நோயறிதல் கையேட்டில் 1980இல்தான் ஆட்டிசம் தனிப் பிரிவாக வந்தது. நன்றாகப் பேசிப் படித்த குழந்தையை அந்நாளில் யாரும் அந்தக் கண்ணோடு பார்த்திருக்க மாட்டார்கள் என்றீர்கள். "நீங்கள் அவளைக் கூட்டத்தில் தள்ளாமல் தனியாக விளையாட விட்டீர்களே, அதுவே பெரிய உதவி" என்று நீங்கள் சொன்னதும் அம்மா அழுதார். அதன் பிறகு இந்தப் பேச்சு வந்தால் மன்னிப்புக் கேட்பதை அவர் விட்டுவிட்டார். நானும் அவரும் இப்போது என் சின்ன வயதைப் பற்றிச் சந்தோஷமாகவே பேசுகிறோம்.

கோபத்துக்கும் இடம் கொடுத்தீர்கள். இதுவே முன்பே தெரிந்திருந்தால் என்ற எண்ணம் வந்தால் நெஞ்சு எரியும். இது ஒரு வரம் என்று சொல்லி என் வாயை அடைக்க நீங்கள் யாரும் முயலவில்லை. அறுபதைக் கடந்த பின் தன்னை அறிந்துகொண்ட ஐயா, "எனக்கும் வந்தது. இன்னும் சில நாட்களில் வருகிறது. வந்தால் வரட்டும்" என்றார். ஐயா, உங்கள் வாயால் அதைக் கேட்டது பெரிய ஆறுதல்.

அலுவலகத்தில் சொல்லலாமா வேண்டாமா என்று நான் குழம்பியபோது உங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. சொல்லி நன்மை அடைந்தவர்களும் இருந்தீர்கள், சொல்லிவிட்டு ஓரங்கட்டப்பட்டவர்களும் இருந்தீர்கள். இரு தரப்பும் அனுபவத்தைச் சொன்னீர்களே தவிர, முடிவை என்னிடமே விட்டீர்கள். ஆட்டிசம் என்று சொல்லாமலே, வேலைகளை எழுத்தில் தாருங்கள், நடைபாதையிலிருந்து தள்ளி இடம் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். கிடைத்தது. இப்போதைக்கு அது போதும்.

நாட்கணக்கில் தூக்கமின்றி, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தபோது நீங்கள் காட்டிய கண்டிப்புக்கும் நன்றி. "நாங்கள் துணை, மருத்துவர்கள் அல்ல. இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், ஒருவர் கூட வருகிறோம்" என்றீர்கள். சொன்னபடி வந்தீர்கள். தங்கள் எல்லை எதுவென்று தெரிந்தவர்களை நம்பி எதையும் சொல்லலாம்.

மதிப்பீடு செய்த உளவியலாளருக்கும் இந்த மடலில் இடமுண்டு. கேள்வித்தாளின் மதிப்பெண்ணோடு நிறுத்தாமல் என் பள்ளி நாட்களைப் பற்றிப் பொறுமையாக விசாரித்தார். கற்றுக்கொண்ட உத்திகளால் அறிகுறிகள் மறைந்திருக்கக்கூடும் என்று 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடே சொல்வதை எடுத்துக்காட்டினார். உங்களிடம் என்னை அனுப்பியவரும் அவர்தான். கேள்வி கேட்காமல் என்னை ஏற்றுக்கொண்ட தங்கைக்கு என் முத்தங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். துணை நிற்கிற நீங்களும் ஆட்டிசம் உள்ளவர்கள்தான். உங்களுக்கும் களைப்பு உண்டு. "இன்று முடியாது" என்று சொல்லும் உரிமையை எங்களுக்குத் தந்தீர்கள். நீங்களும் அதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். தொலைபேசி முறைப் பட்டியலில் சிலரின் பெயரே திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு இப்போது தெம்பு இருக்கிறது. அக்கா, உங்கள் முறையில் புதன், வெள்ளி மாலைகளை என் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

நிறைந்த அன்புடன்,
உங்களில் ஒருத்தி